புறங்கை

தீயை அணைத்துவிட்டோம் என்று சொல்வது சுலபம். அணைந்துவிட்டதா என்று பார்ப்பதில்தான் முதுகு ஒடியும். காட்டுத்தீக் குழுக்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புகை அடங்கியதும் கையுறையைக் கழற்றிவிட்டு, எரிந்த நிலத்தைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கை உதவாது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன தோலுக்குச் சூடு சீக்கிரம் உறைக்காது. சுட்டுக்கொண்டாலோ மறுநாள் வேலை கெட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, மண்ணுக்கும் புறங்கையைத்தான் வைக்க வேண்டும்.

மண்ணுக்குக் காய்ச்சல் பார்ப்பதில் கரியக்காவை மிஞ்ச ஆளில்லை என்பார்கள்.

முதல் வருடம் புகைக்குள்ளிருந்து பல் மட்டும் தெரிய வெளியே வந்தவளுக்கு யாரோ வைத்த பெயர் அது. அதற்கு முன் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்கள் முன்னால் மண்டிபோட்டு அளவு பார்த்து மாட்டிவிட வேண்டும். “ஊரார் காலைப் பிடிச்சது போதும்னு காட்டுக்கு வந்துட்டேன். இங்கயும் மண்டிதான், ஆனா மண்ணு குறை சொல்லாது” என்பாள். இப்போது ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவி. வரிசையில் முதலில் நடப்பாள். யார் தண்ணீர் குடிக்கவில்லை, யார் காலில் கொப்புளத்தை மறைத்துக்கொண்டு நொண்டுகிறான் என்பதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

ரம்பம் பிடிக்கிறவர் குழுவிலேயே மூத்தவர். எல்லோருக்கும் அவர் சித்தப்பா. அந்தச் சித்தப்பா கரியக்காவை அக்கா என்று கூப்பிடுவார். இந்த உறவுமுறையை எந்தக் கல்யாண வீட்டில் கேட்டாலும் தலை சுற்றும். குழுவில் யாருக்கும் சுற்றியதில்லை.

கையில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது அவள் கணவன்தான். அவன் தையல்காரன். ஒருநாள் அவனுக்குத் துணி பிடித்துக்கொண்டே வாசலில் போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, வலிக்கலையா?”

“என்னது?”

“ஊசி குத்திடுச்சு. ரத்தம் வருது பாரு.”

பார்த்தாள். புறங்கையில் கடுகளவு சிவப்பு. அவன் முகம் மாறியது. அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசியின் மொட்டை முனையால் அங்கங்கே தொட்டுத் தொட்டுக் கேட்டான். பாதிக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் மருத்துவர். ஓய்வெடுத்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். “ஆபீசுல சொல்லிடு” என்றான் கணவன். “சொன்னா குழுவைப் பிடுங்கிடுவாங்க. இந்தக் கோடை முடியட்டுங்க” என்றாள். அன்றிலிருந்து அவள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் தையல் மிஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

அவள் இடது கைக்கு மாறினாள். சில வாரங்களில் அதுவும் மரத்தது. அதன்பின் முழங்கைக்குக் கீழே தசையை வைத்துப் பார்த்தாள். சில இடங்களில் குனிந்து கன்னத்தையே கொண்டுபோனாள்.

“அக்கா மண்ணுக்கு முத்தம் குடுக்குறாங்கடா” என்று சிரித்தான் நெட்டை. குழுவிலேயே உயரமானவன், வாயும் அதே நீளம்.

“நீ குனிஞ்சா பாதி நாள் போயிடும், பேசாம வேலையைப் பாருடா.”

சிரித்துச் சமாளித்துவிட்டாள். கோடையும் பெரிய சேதமில்லாமல் முக்கால்வாசி கழிந்தது.

அப்போதுதான் ஒரு மலைச்சரிவுக்குப் போனார்கள். அங்கே வந்தபோது தீ அடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அடிவாரத்தில் ஒரே வரிசையாக வீடுகள். வெளியேறியிருந்தவர்கள் அன்று காலையில்தான் திரும்பியிருந்தார்கள். விடிந்தால் பலத்த காற்று என்று எச்சரிக்கை இருந்ததால், பொழுது சாய்வதற்குள் சரிவு முழுக்கத் தொட்டு முடிக்க வேண்டும். எரிந்த அடிமரக் குழிகள்தான் இதில் பொல்லாதவை. மேலே சாம்பல் பூத்திருக்கும், அடியில் வேர் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அவற்றைக் கரியக்கா யாரிடமும் விடுவதில்லை. அன்றும் மேல் விளிம்பிலிருந்த குழிகளை எல்லாம் அவளே பார்த்தாள். குழிக்குள் கன்னத்தை விட முடியாது, கையைத்தான் விட வேண்டும். விட்டாள். எதுவும் சுடவில்லை.

வாக்கி-டாக்கியை எடுத்து மேற்பார்வையாளரிடம், “சரிவு ஆறிடுச்சு” என்றாள்.

“நீங்க சொன்னா சரி” என்றது குரல்.

கருவிகளை வண்டியில் ஏற்றியாயிற்று. சித்தப்பா பூட்ஸைக் கழற்றிக் கால்விரல்களுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தார். நெட்டை தண்ணீர்ப் புட்டியை நீட்டியவன், அவள் கையைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அக்கா, என்ன இது?”

சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே தோல் வெளுத்து உப்பியிருந்தது. தீக்கொப்புளம்.

“முள்ளு கிழிச்சுது” என்று கையை மடக்கிக்கொண்டாள்.

அவன் நம்பிவிட்டான். அதுதான் அவளை என்னவோ செய்தது. கொப்புளத்தின் அர்த்தம் அவளுக்குத் தெரியும்: மேலே ஏதோ ஒரு குழியில் நெருப்பு இருக்கிறது. எந்தக் குழி என்று அவள் கைக்குத் தெரியவில்லை. கீழே ஒரு வீட்டின் பின்புறம் யாரோ கொடியில் போர்வைகளை உதறி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவை விடிந்து காற்று எழும் வரை அங்கேயே கிடக்கும்.

“எல்லாரும் வண்டியை விட்டு இறங்குங்க. மேல் விளிம்பை மறுபடி பாக்கணும்.”

“அதான் நீங்களே பாத்தாச்சே” என்றார் சித்தப்பா. “நீங்க தொட்டதை நாங்க எதுக்குத் தொடணும்? அப்புறம் எங்களுக்குப் பாவம் வந்து சேரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். காரணத்தைச் சொல்லாமல் விரட்டலாம், போவார்கள். ஆனால் அவள் தொட்ட குழியில் ஒப்புக்கு ஒரு விரலை நீட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அவளே அப்படித்தான் செய்திருப்பாள்.

“எனக்குக் கை மரத்துப்போச்சு” என்றாள். “ரெண்டும். கோடை ஆரம்பத்துலேர்ந்து. மேல நான் பாத்தது எதுவும் கணக்குல இல்ல.” மடக்கிய கையை விரித்துக் காட்டினாள். “இது முள்ளு இல்லடா.”

சித்தப்பா பூட்ஸுக்குள் காலை நுழைத்து, முடிச்சை இழுத்துக் கட்டினார்.

“அக்கா, இதுக்கு முன்னாடி பாத்த சரிவெல்லாம்?” நெட்டையின் குரலில் கேலி இல்லை.

“அங்க கன்னத்தை வெச்சேன், முழங்கையை வெச்சேன். தப்பிச்சோம்டா. வேற என்ன சொல்ல?”

“எங்க வீடும் ஒரு சரிவுக்குக் கீழதான்க்கா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினான். அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, சரிவு ஆறவில்லை, தான் சொன்னது தவறு, காரணம் இது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“சொல்லியிருக்கணும்மா.”

“ஆமா சார்.”

“வாக்கி-டாக்கியை ரம்பக்காரர்கிட்ட குடுங்க. இனிமே குழு அவரோடது. நீங்க நாளைக்கு என்னை வந்து பாருங்க.”

இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். சித்தப்பா அதைப் பாம்பை வாங்குவதுபோல் வாங்கினார்.

மேலே நெட்டைதான் கண்டுபிடித்தான். பாறையை ஒட்டிய குழி. கையை விட்டவன் கெட்ட வார்த்தையோடு உதறி எடுத்தான். தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு வேர் செக்கச்செவேலென்று கிடந்தது. தண்ணீர் ஊற்றியதும் சீறியது. கிளறி, ஊற்றி, மறுபடி கிளறினார்கள். புறங்கையில் மண் வெறும் சேறாகக் குளிரும்வரை. கரியக்கா தண்ணீர்ப் பையை முதுகில் சுமந்து கீழுக்கும் மேலுக்குமாக நடந்தாள். அதற்குக் கைக்குச் சூடு உறைக்க வேண்டியதில்லை.

“முடிஞ்சுதா?” என்றான் நெட்டை.

சித்தப்பா வாக்கி-டாக்கியைத் தூக்கினார், வாய்வரை கொண்டுபோனார், இறக்கிவிட்டார். “இல்ல. முழுச் சரிவையும் இன்னொரு தடவை.”

முனகல் எழுந்தது. அவர் மேல் விளிம்பிலிருந்தே ஆரம்பித்தார். கரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். மேலேயிருந்து ஆரம்பித்தால் உதிர்கிற சாம்பலும் கல்லும் கீழே பார்க்க வேண்டிய இடத்தை மூடிவிடும். சொல்லக்கூடாது என்று நினைத்தாள். நினைத்தபடி இருக்க முடியவில்லை.

“சித்தப்பா, கீழேயிருந்து.”

“இப்ப யாரு தலைவர்?”

“நீங்கதான்.”

“அப்ப சும்மா வாங்க.”

சும்மா நடந்தாள். சற்றுத் தூரம் போனவர் நின்று, காலடியில் உருண்டோடிய கற்களைப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், “எல்லாரும் கீழ இறங்குங்கடா, அங்கேர்ந்து வரலாம்” என்றார்.