மோரில் விட்ட சொட்டு

செங்கோட்டையன் தட்டில் கை வைக்கும் முன் சௌந்திரம் அதிலிருந்து எடுத்துத் தின்றாக வேண்டும். சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றிலும் கொஞ்சம். மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள். அவர் சுவரோரம் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பெண்டாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகுதான் தட்டைத் தன் பக்கம் இழுப்பார். அதற்குள் சோறு விறைத்திருக்கும். யாராவது கேட்டால், “ஆறுன சோறுதானுங்க அவருக்குப் புடிக்கும்” என்பாள்.

புதன்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள் சௌந்திரம். பேசிக்கொண்டே அட்டையில் அடுக்கினாலும் ஒரு முட்டையிலும் கீறல் விழாது. கூண்டுக் கோழிகளையும் “தள்ளிக்க சாமி” என்றுதான் அதட்டுவாள். கோழிக்குச் சளி பிடித்தால் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்துவிடுவதும் அவள் வேலைதான். அவள் வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடையாது. அடுப்படிக்கு இருந்த கதவையும் கழற்றிவிட்டார்கள். அவள் சமைப்பது முழுக்கக் கணவரின் கண்ணில் பட வேண்டும்.

செங்கோட்டையன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போய்ப் பல வருடம் போர் போட்டவர். ஊர் திரும்பிய புதிதில், தன் பின்னால் ஆட்கள் வருவதாகச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரில் வாடை அடிக்கிறது என்றார். கடைசியில் சௌந்திரம் சோற்றில் எதையோ வைக்கிறாள் என்றார். அடித்ததில்லை, கத்தியதில்லை. அதனால் வெளியே தெரியவில்லை. அவளும் தெரியவிடவில்லை. ஒரே மகள் யுவஸ்ரீயை நாளைக்கு ஒருவர் பெண் கேட்டு வர வேண்டுமே. கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். அவர் அதையும் அறுத்து முகர்ந்து பார்த்துவிட்டு எறிந்தார்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு முதலில் போனவள் மகள்தான். பிளஸ் ஒன் படிக்கும் யுவஸ்ரீ வகுப்பில் மயங்கி விழுந்தாள். வீட்டுச் சோற்றை அவள் தொடுவதே இல்லை என்பதும், உறை பிரிக்காத பிஸ்கட்டைக் கடையில் வாங்கித் தின்றே காலம் தள்ளுகிறாள் என்பதும் அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள்.

டாக்டர் மஞ்சுளா மகளிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு தாயை உள்ளே அழைத்தார்.

“வீட்டுல அவங்க அப்பா எப்படிம்மா இருக்கார்?”

“நல்லாத்தான் இருக்கறாருங்க. கொஞ்சம் பயந்த சுவாவம், அவ்வளவுதானுங்க.”

“உங்ககிட்ட சொல்லலாம்னு உங்க பொண்ணு சம்மதிச்சதால சொல்றேன். நீங்க சாப்பாட்டுல எதையோ கலக்குறீங்கன்னு அப்பா சொல்றதை அதுவும் நம்புது. கூடவே இருக்கறவங்களுக்கு அந்தப் பயம் ஒட்டிக்கறது உண்டு. ஆனா உங்க பொண்ணு, கண்ணால பார்த்தேன்னு சொல்லுதும்மா.”

சௌந்திரம் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“அது பாத்தது நெசந்தானுங்க.”

ராசிபுரத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் சரவணமுத்து, தெரிந்த மருந்துக்கடையில் கேட்டு செங்கோட்டையனின் பயம் தெளிய ஒரு சீசா சொட்டு மருந்து வாங்கித் தந்திருந்தார். கணவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து மோரில் விட்டாள். “நானும் ஒரு மடக்குக் குடிச்சுப்போட்டுத்தானுங்க குடுத்தேன். கோழிக்குத் தொட்டியில கலக்கறதில்லீங்களா, அந்த மாதிரின்னு நெனச்சேன். ராத்திரி நல்லாத் தூங்குனாருங்க. ஒருநாளு என்னையப் பாத்துச் சிரிச்சாரு.” அடுத்த முறை சொட்டு விட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாசற்படியில் யுவஸ்ரீ நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. சீசாவைப் பண்ணைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள். அவர் பழையபடி ஆனார்.

“பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“அவரு காதுக்குப் போயிருமோன்னு பயமுங்க.” பிறகு தணிந்த குரலில் கேட்டாள். “இப்ப நீங்களே ஒரு மருந்து குடுங்க. அவரு மாத்திரையெல்லாம் போடமாட்டாரு. அதே மாதிரி சோத்துல கலந்து குடுத்தறட்டுங்களா?”

“வேண்டாம்மா. அவருக்கு நோய்தான், மருந்தும் வேணும்தான். ஆனா தெரியாம கலந்தா அவர் பயப்படறதை நாமளே உண்மையாக்குறோம்.”

மகளை உள்ளே கூப்பிட்டு, டாக்டர் முன்னிலையில் சௌந்திரம் எல்லாவற்றையும் சொன்னாள். யுவஸ்ரீ தரையைப் பார்த்தபடி கேட்டாள். முடிந்ததும், “அப்ப அப்பா சொன்னது சரிதானே?” என்றாள்.

உடம்பும் மனதும் தேறும் வரை மகள் மாமன் வீட்டில் இருக்கட்டும், வாரம் தவறாமல் தன்னிடம் வரட்டும் என்றார் டாக்டர். செங்கோட்டையனைப் பார்க்க அவரே ஊருக்கு வந்தார். விஷத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தூக்கம் எப்படி என்று மட்டும் கேட்டார். “கண்ண மூடுனா பக்கத்துல வந்து நிக்கறானுங்க” என்றார் செங்கோட்டையன். அந்தப் பயத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் யோசித்து, அட்டையைத் தானே கிழித்துப் போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். சில நாள் போடுகிறார். சில நாள் மாட்டுச் சாணத்தில் எறிகிறார். பின்னால் வரும் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். சோற்றின் மேலுள்ள சந்தேகம் குறையவில்லை. “ஒரு தடவை உங்களுக்காகவும் வாங்கம்மா” என்று டாக்டர் சௌந்திரத்திடம் சொன்னார். “எனக்கென்னங்க, நான் நல்லாத்தான இருக்கறேன்” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ராசிபுரம் போகிறாள். யுவஸ்ரீ இப்போது அங்கே அத்தை போடும் சோற்றை உண்கிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. முதல் தடவை போனபோது சௌந்திரம் பழக்கத்தில் சோறு போடக் கரண்டியை எடுத்து மகள் தட்டுப் பக்கம் போனாள். யுவஸ்ரீ சாப்பிடாமல் எழுந்து கை கழுவிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மத்தியானம் தட்டு வைக்கும் சத்தம் கேட்டதும் சௌந்திரம் எழுந்துவிடுகிறாள். “நீங்களே போடுங்க அண்ணி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வீட்டுக்கு முதுகு காட்டி, ரோட்டைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்கிறாள். உள்ளே மகள் உண்டு முடிக்கும் வரை, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்கிறாள்.