எஸ்தர் மிஸ் அடைத்துவிட்டுப் போன வழி

எஸ்தர் மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தபோது ஹட்டனில், சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆட்பதிவுகளை வைத்திருக்கும் எங்கள் காரியாலயத்தில் காலைத் தேநீர் நேரம். பியோன் முத்தையா ரிசீவரைக் கையில் பிடித்தபடியே அழுதான். மனேஜர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு வெளியே வந்து, "வெள்ளைக்கொடி கட்டுங்க. நல்லா பெரிசா கட்டுங்க. கொழும்புல இருந்து ஆள் வந்தாலும் வரும்" என்றார். போன வருடம் இதே மனேஜர்தான் அவரை இந்தக் காரியாலயத்திலிருந்து துரத்தினார். கொடிக்குக் கம்பு தேடி ஓடியவர்களில் பாதிப் பேர் அன்று அதைப் பார்த்துச் சிரித்தவர்கள். நான் அந்தக் கம்பைத் தொடவில்லை. அவரை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். உங்களுக்காகத்தான் இனிப்புத் தடவாமல் எழுதுகிறேன்.

எஸ்தர் அருளப்பன் லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. எழுபதுகளில் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். ஒருமுறை தோட்ட நிர்வாகம் அவருடைய வகுப்பறையில் உர மூட்டைகளை அடுக்கிவிட்டது. எஸ்தர் மிஸ் யாரிடமும் முறையிடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் துரையின் ஆபிஸ் விறாந்தையில் உட்காரவைத்து, வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வைத்தார். அடுத்த நாளே மூட்டைகள் போய்விட்டன. பிறகு கொழும்பில் கணினி படித்து, எங்கள் காரியாலயத்துக்குக் கணினிப் பொறுப்பாளராக வந்தார். நான் அங்கே பெரிய கிளாக்கர். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

வந்த புதிதில் ஒரு நாள் வாசலருகே இருந்த டெர்மினலின் முன்னால் என்னை உட்காரவைத்தார். டெர்மினல் என்றால் திரையும் தட்டச்சுப் பலகையும்தான். கணினி உள்ளறையில் இருந்தது. அது எங்கள் பெயரைக் கேட்கவில்லை, கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. எஸ்தர் மிஸ் ஏதோ தட்டினார். திரையில் என் பிறந்த ஆண்டு மாறியது.

"அண்ணே, நீங்க போன வருஷமே ரிட்டயர் ஆயிட்டீங்க. இன்னும் எதுக்கு இங்க குந்திக்கிட்டு இருக்கீங்க? வீட்டுக்குப் போங்க" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதை நான்தான் செஞ்சேன்னு இந்த மெஷினுக்கே தெரியாதுண்ணே. நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் அதுக்குச் சொல்லத் தெரியாது" என்றார். பிறகு என் வயதைப் பழையபடி சரியாக்கினார்.

விஷயம் இதுதான். கணினியை உள்ளிருந்து ஆள்கிற மென்பொருளின் நடுப்பகுதியைக் கேர்னல் என்பார்கள். யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வது அதுதான். எங்களிடம் முதலில் இருந்தது ஒரே ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற சின்னக் கணினி. அதற்காக எழுதிய புரோகிராம்கள் ஒருவரையும் கேட்காமல் நேரே போய்ப் பதிவுகளில் எழுதிவிடும். இருப்பதே ஒரு ஆள் என்றால் யாரைக் கேட்பது? பிறகு பல டெர்மினல்களோடு பெரிய கணினி வந்தது. பழைய புரோகிராம்கள் அதில் ஓட மறுத்தன. பொருத்த வந்த ஆள் கேர்னலில் 'பழைய முறை' என்ற அமைப்பைத் திறந்துவிட்டார். அது திறந்திருக்கும்வரை கேர்னல் யாரையும் யார் என்று கேட்காது. தற்காலிகம்தான் என்று சொல்லிவிட்டு அவர் ரயிலேறிப் போய்விட்டார். எங்கள் காரியாலயத்தில் தற்காலிகமாகச் சேர்ந்த கிளாக்கர்களே பென்ஷனோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அந்தத் தற்காலிகம் யார் தலையில் விழுந்தது என்பதை மாரியாயி வந்த அன்று பார்த்தோம். லிந்துலைப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அதே வருடம் புருஷனைப் பறிகொடுத்தவள். பிரசவத்துக்குக் கொத்மலையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டுக் கைக்குழந்தையோடு திரும்பியபோது, தோட்டத்து வரிசை வீட்டில், அவளுடைய லயத்துக் காம்பராவில், வேறொரு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. அவள் தோட்டத்தை விட்டு விலகிவிட்டதாகக் கணினியில் இருந்ததாம். பெயர் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் காம்பரா இல்லை. அவளுடைய இடத்தில் ஏறியவர்கள் அந்தத் தோட்டத்துக் கிளாக்கரின் உறவுக்காரர்கள். கணக்குக் கொடுக்க வரும் தோட்டத்துக் கிளாக்கர்மார் எங்கள் வாசல் டெர்மினலில் உட்காருவது வழக்கம். அழித்தது யார் என்று எல்லோரும் ஊகித்தார்கள். ஒருவராலும் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

மழையில் நனைந்துகொண்டே விறாந்தையில் நின்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மிஸ்ஸு, நான் எங்கயும் வெலகலைங்க. புள்ளதான் பெத்தேன்."

மனேஜர் வாசலுக்கு வந்து, "கம்பியூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார்.

"பொய் சொல்லாதுதாங்க சார். ஆனா யாரு பொய் சொன்னாலும் அப்படியே நம்பிக்கும்" என்றார் எஸ்தர் மிஸ். பதிவுகளைப் பிரதி எடுத்து வைத்திருந்த பழைய காந்த நாடாவிலிருந்து மாரியாயியின் பெயரை மீட்டுக் கொடுத்தார். பெயர் அன்றே வந்துவிட்டது. காம்பரா கிடைக்கும்வரை அவள் பிள்ளையோடு அண்ணன் வீட்டு அடுப்படியில் படுத்திருந்தாள்.

பழைய முறையை ஒழிப்பது என்று எஸ்தர் மிஸ் முடிவெடுத்தது அன்றுதான். ஆத்திரத்தில் உடைக்கிற ஆள் இல்லை அவர். "ஒரேயடியா மூடினா எல்லாரும் கத்துவாங்கண்ணே. மொதல்ல சொல்லுவோம். அப்புறம் மூடிட்டு, வேணும்னு வந்து கேக்கிறவங்களுக்கு மட்டும் தொறப்போம். கடைசியில கதவையே கழட்டிட்டுச் செவுரு வச்சிருவோம்" என்றார். அதற்குக் கொழும்பின் அனுமதியையும் வாங்கினார். பழைய புரோகிராம்கள் புதிய ஒழுங்கில் ஓடுவதற்காக அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதவும் தொடங்கினார்.

முதல் கட்டம் எச்சரிக்கை. யாராவது பழைய முறையைப் பயன்படுத்தினால் பிரிண்டர் ஒரு வரி அடிக்கும்: இது பாதுகாப்பில்லை, விரைவில் நிறுத்தப்படும். பிரிண்டர் நாளெல்லாம் கறகறவென்று அடித்துத் தள்ளியது. ஒருவராவது வாசித்திருக்க வேண்டுமே! கிழித்து வடை வைத்துத் தின்றார்கள். ஒருவர் கையிலிருந்த தாளை வாங்கி, எண்ணெய்க் கறையோடு உரக்க வாசித்துக் காட்டினார் எஸ்தர் மிஸ். "எழுத்து நல்லாத்தான் தெரியுது. வடையும் நல்லா இருக்கா?" என்று கேட்டார். அந்த ஆள் வெட்கமில்லாமல், "நல்லா இருக்கு மிஸ்" என்றார். சில நாட்களில் சத்தம் தலைவலியாக இருக்கிறது என்று மனேஜர் பிரிண்டரின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

இரண்டாவது கட்டம், பழைய முறையை மூடிவிட்டுக் கேட்கிறவர்களுக்கு மட்டும் திறப்பது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் கசக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் போய், தோட்டங்களை அரசாங்கம் எடுத்து வருடங்கள் ஆனாலும், தோட்டத்தை நடத்துகிறவர் யாரானாலும் நமக்குத் துரைதான். துரை வருகிறார் என்றால் ஒருவன் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து பிடிக்க வேண்டும். தாழ்ப்பாளில் துரையின் கை பட்டால் அது நமக்குப் பெரிய அவமானம். அந்தப் புத்தியைக் கணினிக்குள்ளும் கொண்டுபோனோம்.

"துரைமார் என் ரூம்ல வந்து உட்காருவாங்க. அவங்களப் பார்த்து இந்த மெஷின் நீ யாருன்னு கேக்கிறதா? அது மரியாதையா?" என்று மனேஜர் கூட்டத்தில் கேட்டார். துரைமாரில் ஒருவரும் அப்படி முறையிடவில்லை என்பதுதான் கேவலம். வந்திருந்தவர்களில் ஒருவர், "கேட்டால் பேரைச் சொல்லிட்டுப் போறேன், அதுக்கென்ன?" என்றே சொன்னார். மனேஜர் காதில் விழவில்லை. தன் அறையில் இருக்கும் டெர்மினலுக்கு மட்டும் பழைய முறை திறந்தே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"மரியாதைக்குன்னு ஓட்டை வச்சா அதுல மொதல்ல பூருறது எலிதாங்க சார்" என்றார் எஸ்தர் மிஸ். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மனேஜர் சாப்பிடப் போகிற நேரமெல்லாம் அந்த அறை சந்தையானது. காரியம் ஆக வேண்டியவர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். பார்த்தவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

மாரியாயியின் பெயர் இரண்டாவது தடவையும் அழிந்தது. காய்ச்சல் வந்த பிள்ளையோடு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. நானும் எஸ்தர் மிஸ்ஸும் பஸ் பிடித்துப் போனோம். லயத்துச் சாக்கடைக் கானோரமாக அவளுடைய பானை சட்டிகள் மழையில் கிடந்தன. தொட்டில் சேலை கானுக்குள்ளேயே கிடந்தது. எஸ்தர் மிஸ் குனிந்து அதை எடுத்து, பிழிந்து, மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"நான் சாவலைங்களே மிஸ்ஸு. எதுக்கு என்னையத் திரும்பத் திரும்ப அழிக்கிறாங்க?" என்று கேட்டாள் மாரியாயி.

திரும்பி வரும்போது பஸ்ஸில், தலவாக்கலை தாண்டிய பிறகு, "அருவருப்பா இருக்குண்ணே. திருடுறவன் மேலகூட இல்ல. தொறந்து வச்சுட்டு அதுக்கு மரியாதைன்னு பேர் வைக்கிறாங்களே, அவங்க மேல" என்றார் எஸ்தர் மிஸ். நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பழைய புரோகிராம்கள் எல்லாவற்றையும் அவர் திருத்தி முடித்திருந்தார். மாரியாயியின் பெயரை மறுபடியும் மீட்டார். கொழும்பு தந்த அனுமதியின்படி கடைசிக் கட்டத்துக்கு நாள் குறிக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. குறித்தார். கேர்னலிலிருந்து பழைய முறையையே வெட்டி எறிந்துவிட்டு, கேர்னலைப் புதிதாகக் கட்டி ஏற்றினார். மறுநாள் காலையில் மனேஜரின் டெர்மினல் அவரைப் பார்த்து யார் என்று கேட்டது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வங்கிக்காரர்கள்கூடத் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

"தொறந்து விடு!"

"முடியாதுங்க சார்."

"முடியாதா, மாட்டியா?"

"என்னாலயும் முடியாதுங்க சார். கதவு இருந்தாத்தானே தொறக்கிறதுக்கு."

கொழும்பு அனுமதி இருந்ததால் அதற்காக அவரைத் தண்டிக்க முடியவில்லை. ஆகவே 'சேவையின் தேவை கருதி' பொல்பிட்டியப் பக்கத்துக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். உரமும் மண்வெட்டியும் இருக்கிற இடம், கணினி கிடையாது. "ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துட்டேண்ணே, உர மூட்டையோட" என்று ஒரு தடவை தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். அங்கேதான் இருதயம் நின்றது. இடமாற்றம்தான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அதைச் செய்தவர்களின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

அடக்கம் லிந்துலையில். எல்லாவற்றிலும் பெரிய மலர்வளையம் எங்கள் காரியாலயத்தினுடையது. பந்தலுக்குள் மனேஜர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பெட்டி இன்னும் மூடப்படவில்லை.

"சிவலிங்கம், கொழும்புல இருந்து ஒரு ஆளக் கூப்பிட்டிருக்கேன். கேர்னல பழையபடி ஆக்கித் தந்துருவான். பழைய புரோகிராம் ஒண்ணும் ஓடலைன்னு நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று காதோரம் சொன்னார். அவர் வாயில் வெற்றிலை மணத்தது. எல்லாப் புரோகிராமும் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் வாய் திறப்பதற்குள் மாரியாயி வந்து எதிரில் நின்றாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஐயா, எம்பேரை இனி யாரும் களவா அழிக்க முடியாதுன்னு மிஸ்ஸு சொன்னாங்க. இப்ப அவங்களே போயிட்டாங்க. இனியும் அப்படித்தானுங்களா? இல்ல, நாங்க சாமான் சட்டியக் கட்டி வச்சுக்கணுங்களா?"

மனேஜர் என் முகத்தைப் பார்த்தார்.

"கட்ட வேணாம்மா. எல்லாப் புரோகிராமும் நல்லா ஓடுது. யாருக்கும் எதையும் தொறக்க வேண்டிய தேவை இல்ல" என்றேன், அவருக்கும் கேட்கும்படியாக. அவர் எழுந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மாரியாயி பிள்ளையைத் தூக்கி எஸ்தர் மிஸ்ஸின் முகத்தைக் காட்டினாள்.

அவருடைய அறிவு என்னிடம் இல்லை. கேர்னலைக் கட்டவும் எனக்குத் தெரியாது. எஸ்தர் மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அருவருப்பை மட்டும்தான். கொழும்பு ஆள் திங்கட்கிழமை வருகிறான். ஓடுகிறதா என்று கேட்பான். ஓடுகிறது என்று சொல்வேன்.