கங்காணி மாமாவுக்கு அரைப்பேர்

மழையில் ஊறிய தோல்பந்து நெஞ்சில் வந்து மோதும்போது எழும் "தொப்" என்ற சத்தம் என் விலா எலும்புகளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. எழுபதுகளில் உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளின் பந்தாட்டக் குழுவுக்கு நான்தான் "கோலி", அதாவது கோல் காப்பவன். ஓடத் தெரியாதவனை வேறெங்கே நிறுத்துவது?

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் சவரிமுத்து கங்காணி. பகலெல்லாம் கொழுந்து எடுக்கும் பெண்களை அதட்டி வேலை வாங்கிவிட்டு, அதே தொண்டையோடு சாயங்காலம் எங்களிடம் வருவார். அவருக்குத் தெரிந்த ஒரே முறை எஸ்டேட் முறை. மைதானத்துக்கு வந்ததும் "பெரட்டு": வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பிந்தி வந்தால் "அரைப்பேர்". வேலைக்காட்டில் அது பாதி நாள் கூலி, எங்களுக்கோ பாதி ஆட்டம் வெளியே உட்காருவது. சாயங்காலம் ஃபேக்டரிச் சங்கு ஊதியதும், பந்து எங்கே இருந்தாலும் விட்டுவிட்டு வரிசைக்கு ஓடிவர வேண்டும். கடைசியாக வருபவனுக்கும் அரைப்பேர்தான். பந்தை எப்படி உதைப்பது என்று மட்டும் அவர் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டப் பிள்ளைகளோடு ஆட்டம் முடிவானதும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, போன தடவ மாதிரி கோல் விட்டேன்னு வையி, ஒனக்குப் பேரே கிடையாது. பந்து பொறுக்கக்கூட வராத."

அந்தக் குழுவில் இருப்பதைத் தவிர வேறு பெருமை எதுவும் என்னிடம் கிடையாது.

சக்குபள்ளத்துப் பிள்ளைகள் வந்த ஜீப் மலைப்பாதையில் மக்கர் பண்ணியதால், மத்தியான ஆட்டம் சாயங்காலம்தான் தொடங்கியது. கங்காணி மாமா கோட்டோரம் நின்று, "பந்தப் பாருலே, எரும! தூங்குதியா?" என்று கத்திய கத்தலில், பந்தைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் ஆட்டம் முடியப்போகும் நேரம்வரை ஒரு கோலும் விழவில்லை.

அப்போது சங்கு ஊதியது.

எங்கள் ஆட்கள் போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கோட்டோரம் வரிசையில் நின்றார்கள். நானும்தான், கடைசியாகப் போனால் அரைப்பேர் ஆயிற்றே! ஏலத்தோட்டத்தில் சங்கெல்லாம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து நின்றார்கள்; பிறகு அவர்களில் ஒருவன் ஆளில்லாத கோலுக்குள் பந்தை நடந்தே தள்ளிக்கொண்டு போனான். நடுவராக நின்ற கம்பவுண்டர், "நான் விசில் ஊதலியே" என்று கையை விரித்தார்.

தோற்றோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கங்காணி மாமா நேராக என்னிடம் வந்தார்.

"நீ என்னலே செய்வ? நான் சொன்னதத்தான செஞ்ச," என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "தப்பு என் மேலதான். அடுத்த ஆட்டத்துல எனக்கு அரைப்பேரு."

சொன்னபடியே, அடுத்த ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் தலைத்துண்டை வாயில் திணித்துக்கொண்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து தவித்தார். காது சும்மா இருந்ததால் எனக்குப் பந்து நன்றாகத் தெரிந்தது, ஒன்றையும் விடவில்லை. இரண்டாம் பாதியில் அவர் துண்டை எடுத்துவிட்டுக் கத்தத் தொடங்கினார். நான் இரண்டு கோல் விட்டேன். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் அவர் வாயிலிருந்து துண்டை எடுக்கவே இல்லை.

அந்த ஃபேக்டரி இன்று பூட்டிக் கிடக்கிறது, சங்கும் இல்லை. மைதானத்தில் சுற்றுலா ஜீப்புகள் நிற்கின்றன. போன மாதம் பேத்தியின் பந்தாட்டப் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். அவளும் கோலிதான். கழுத்தில் விசில் தொங்க ஓர் இளைஞர் அவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவள் பந்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய், என் தோளில் கிடந்த துண்டை அவரிடம் நீட்டினேன்.