பூ இல்லை என்று பதிந்த அக்கா

மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து, கடலூரில் உழைத்து, சிதம்பரத்தில் வாழ்ந்து நிறைந்த எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் இந்தத் தம்பியின் வணக்கம்.

அப்பா காலமானபோது அக்கா பள்ளியை முடித்திருந்தார். மேலே படிக்கவில்லை. கடலூரில் மருந்துக்கடை வேலை. விடிந்தால் பஸ், இருட்டினால் பஸ். நானும் தங்கையும் பட்டம் வாங்கிய பிறகே திருமணம். சிதம்பரத்தில் மாமாவின் வீடு. வாசலில் ஒரு வேப்பமரம். நிழல் தெருவுக்கு, சருகெல்லாம் அக்காவின் துடைப்பத்துக்கு.

வேலையை விட்ட பின், அண்ணாமலை நகரில் ஒரு கூட்டத்துக்குப் போனார். பேசிய ஆய்வாளர் அம்மையார் சொன்னாராம்: "மழையும் வெயிலும் தடம் மாறுது. மரமும் மாறுதான்னு பாக்கணும். ஊர் ஊரா நாங்க நிக்க முடியாது. ஆளுக்கொரு மரத்த வாரம் ஒருதரம் பாருங்க. தளிர், பூ, காய், பழம் இருக்கா இல்லையான்னு போன்ல பதிங்க. இல்லைங்கறதும் எங்களுக்கு வேணும்."

அதன் பின் ஞாயிறுதோறும் அக்கா அண்ணாந்து நின்றார். கழுத்து வலித்தது, நின்றார். புயலில் பாதி மரம் போனது; மீதியைப் பார்த்தார்.

ஒரு சித்திரை முதல் நாளில் மரத்தில் பூவே இல்லை. பச்சடிக்கு மாமா கடையில் வாங்கி வந்தார்.

"ஊரே வேப்பம்பூ பச்சடி சாப்புடுது. நீ மட்டும் பூ இல்லன்னு போட்டா சிரிப்பாங்க. இருக்குன்னு போடு."

"பச்சடி கடைப் பூவுல. மரம் நம்ம வாசல்ல. ரெண்டையும் ஏங்க கலக்குறீங்க?"

கடைசிப் பங்குனி கடலூர் மருத்துவமனையில் கழிந்தது. "பூ விட்டுச்சா?" என்றுதான் கேட்பார். ஒருநாள் மாமா, "கொத்துக் கொத்தா" என்றார். வாடிய முகத்தில் எவ்வளவு வெளிச்சம்! "அப்ப பதிஞ்சிடுங்க." மாமாவும் பதிந்தார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வெறும் தளிர்தான். படுத்துக் கெடக்குறவகிட்ட இல்லன்னு சொல்ல வாய் வரல, மச்சான்."

மறுநாள் அக்கா படம் கேட்டார். மாமா தலை குனிந்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை, மாமாவின் கையை எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்காகப் பூக்க வெச்சீங்களா? ஆனா மாத்திடுங்க. நம்ம மரத்த நம்பி அவுங்க ஒரு முடிவுக்கு வருவாங்க."

மாமா அழுதுகொண்டே திருத்தினார். அதைப் பார்த்த பிறகே அக்கா தூங்கினார். அந்த வாரமே எங்களைப் பிரிந்தார். ஞாயிறன்று, துக்க வீட்டில் உறவுகள் சூழ்ந்திருக்க, "கொஞ்சம் இருங்க" என்று மாமா எழுந்து மரத்தடிக்குப் போனார்.

மருத்துவமனையில் உடனிருந்த தங்கைக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், சோறு சுமந்து வந்த மேல்பட்டாம்பாக்கத்து உறவுகளுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இன்று ஞாயிறு. நீங்கள் வந்தபோது மாமா கவனிக்காமல் அண்ணாந்து நின்றிருந்தால் மனதில் வைக்க வேண்டாம். உங்கள் தெருவிலும் ஒரு மரம் இருக்கும். எப்படிப் பார்ப்பது, எப்படிப் பதிவது என்று அவரிடம் கேளுங்கள், உட்காரவைத்துச் சொல்லித்தருவார். பூ இல்லாத வாரத்தில் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்.