கரி பஸ்ஸில் வந்த நண்டுகள்

பனமலை ஏரிக்குக் கீழே தாண்டவராயன் கை நுழையாத நண்டு வளை கிடையாது. கூலி வேலை முடிந்ததும் வரப்போரம் குந்திக் கடி வாங்கிக்கொண்டே பிடிப்பார். விரலெல்லாம் தழும்பு. அதெல்லாம் வலிக்காத மனிதருக்கு வேறொன்று வலித்தது. போன சித்திரையில், திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் அம்சவள்ளிக்குக் கோணியில் நண்டு கொண்டுபோனார். அத்தனையும் வழியிலேயே செத்து நாறிவிட்டன. சம்பந்தியம்மா காந்திமதி மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் கொட்டினாள். மகள் தலை கவிழ்ந்து நின்றாள்.

இப்போது மார்கழி. அம்சவள்ளி முழுகாமல் இருந்தாள். நண்டுக்கு நாக்கு ஏங்குகிறதென்று சொல்லியனுப்பியிருந்தாள். மறுபடியும் செத்ததைக் கொண்டுபோனால் அந்த வீட்டில் அவளுக்குத்தான் தலைகுனிவு. ஈர வைக்கோல் பரப்பிக் கூடையில் அடுக்கினார். விழுப்புரத்தில் பஸ் ஏறித் திறந்து பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை. இவையும் செத்துவிட்டனவோ என்று ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்; சில்லிட்டுக் கிடந்தது.

யுத்த காலம், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ். பின்புறம் கரியடுப்பு கனன்றதால் கடைசி சீட்டுக்கு அடியில் நல்ல கதகதப்பு. பாவம், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கூடையை அங்கே தள்ளினார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நுரை கக்கிக்கொண்டு பஸ் முழுக்க நண்டு.

"யோவ், பேஜாரு பண்ணாத. ஜல்தியா புடி," என்றார் கண்டக்டர்.

சீட்டு சீட்டாகக் குனிந்து பிடிக்கும்போதுதான் தாண்டவராயனுக்குப் புரிந்தது. குளிரில் இவை உடம்பில் உள்ள தெம்பைச் செலவழிக்காமல் சும்மா கிடக்கின்றன. சூடு ஏறினால் மூச்சு வாங்க ஓடியாடிச் சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. சித்திரையில் கொன்றது வெயில்தான். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும், கடை வாசல் பானையில் பனிக்குக் குளிர்ந்திருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் கூடையை நனைத்தார். பிறகு முன்சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

திண்டிவனத்து வீட்டில் காந்திமதி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்த வாட்டியும் செத்ததயே எடுத்துக்கினு வந்துட்டீங்களா?"

"சாவலீங்க சம்பந்தியம்மா. குளிருக்குச் சும்மா கெடக்குது. ஒண்ண அடுப்பாண்ட வெச்சிப் பாருங்க."

அம்சவள்ளி வைத்தாள். அசைவில்லை. தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டோமோ என்று பயந்துபோனார். மகள் முகத்தைப் பார்க்கவே கூசியது. பிறகு ஒரு கால் துடித்தது. கண் எழும்பியது. நண்டு விறுவிறுவென்று காந்திமதியின் காலை நோக்கி ஓட, அவள் புடவையைத் தூக்கிக்கொண்டு உரல்மேல் ஏறிவிட்டாள்.

அம்சவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. உரல்மேல் நின்றபடியே காந்திமதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மொதல்ல அத புடிங்கண்ணே. இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்."