கேப்டன் அக்காவும் ஒரு வாளி மணலும்

கேப்டன் அக்கா ஸ்கார்ஃப் கட்டிவிடும்போது அவர் விரல்கள் என் பின்கழுத்தில் படும். அதற்காகத்தான் நான் சாரணியர் படையில் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இப்போது என் பிள்ளைகளே சிரிப்பார்கள். சேவை, ஒழுக்கம், நாட்டுப்பற்று என்று சேரும்போது நான் எழுதிக்கொடுத்ததெல்லாம் எங்கள் டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர் தாயில்பட்டி. மாவட்ட சாரணர் அலுவலகம் விருதுநகரை ஒட்டிச் சூலக்கரைப் பக்கம் இருந்தது. இரண்டு அறைகள், பின்னால் வேலிக்கருவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு மைதானம், அவ்வளவுதான். மாதம் ஒரு சனிக்கிழமை டீச்சர் எங்களை பஸ்ஸில் அழைத்துப்போவார். அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள்.

செயலாளர் சார் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசிப் பழகியவர். கோபம் வந்தால் பாதி சொல்லாகவும் பாதி விசிலாகவும் வரும். எது திட்டு, எது கட்டளை என்று தெரியாமல் நாங்கள் பொதுவாக விறைப்பாக நின்றுவிடுவோம். அடுத்தது ஸ்டோர் அண்ணாச்சி. கூடாரம், கயிறு, முளை, வாளி எல்லாம் அவர் பொறுப்பு. சிவகாசிக்காரர். ஒரு முளையைக் கொடுத்தால் திரும்ப வாங்கும்வரை அவர் கண் அந்த முளை மேலேயே இருக்கும். "தாயி, பத்திரம். அது ஒன்னு போனா மறுபடி கெடைக்காது" என்பார். ஏதோ கோயில் நகையைக் கொடுத்தது மாதிரி நாங்களும் இரண்டு கையால் வாங்கிக்கொள்வோம்.

மூன்றாவது கேப்டன் அக்கா. சாரணியரை நடத்துகிறவரின் பதவிக்கே அதுதான் பெயர். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் வருவார். கோணலாகக் கட்டியிருந்த ஸ்கார்ஃபைக் கண்டால் திட்டமாட்டார். கிட்டே அழைத்து, அவிழ்த்து, மடித்து, தானே கட்டிவிடுவார். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என் ஸ்கார்ஃப் நேராக நின்றதே இல்லை.

"ஏ புள்ள, ஒனக்கு மட்டும் எப்படி ஒவ்வொரு தடவையும் அவுந்துருது?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"காத்து, அக்கா" என்றேன். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. அவரும் "ஆமா, நல்ல காத்து" என்று சொல்லிக்கொண்டே கட்டிவிட்டார்.

எனக்கு அம்மா இல்லாமல் இல்லை. காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். அம்மாவும் சித்தியும் அதில் பட்டாசு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு வெடிகளில் மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது முடி, புருவம், சேலை மடிப்பு எல்லாம் அலுமினியப் பொடி மினுங்கும். நான் ஓடுவேன். "அங்கனயே நில்லு, குளிச்சிட்டு வாரேன்" என்று கையை நீட்டித் தடுப்பாள். குளிக்காமல் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். மருந்து படிந்த சேலையில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவள் குளித்து, சோறு பொங்கி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் நான் தூங்கியிருப்பேன். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருப்பார். தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்துவிடும். இப்படித்தான் நான் ஒரு ஸ்கார்ஃப் முடிச்சுக்கு ஏங்கிப்போனேன்.

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் சாரணர் மைதானத்தில் மூன்று நாள் முகாம் போட்டார்கள். மூன்று நாளும் கேப்டன் அக்கா கூடவே இருப்பார் என்ற ஒரே நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் பாசறைத் தீ. நடுவில் விறகு அடுக்கிக் கொளுத்தி, சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடுவோம். அதைப் பார்க்கப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அது முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துப்போகலாம். சீசன் நேரத்தில் அம்மா வரமாட்டாள், டீச்சரோடுதான் போகவேண்டும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அதில் வருத்தமும் இல்லை. இன்னும் கொஞ்சநேரம் அக்கா பக்கத்தில் இருக்கலாமே!

பொழுது சாய்ந்ததும் சிறப்பு விருந்தினர் தீ மூட்டினார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பட்டாசு முதலாளி. தீ கொழுந்துவிட்டுப் பிடித்தது. காற்று வந்தது, இந்தத் தடவை நிஜக் காற்று. பொறிகள் பறந்தன. அப்போதுதான் பெற்றோர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வருவதைப் பார்த்தேன். முகம் தெரிவதற்கு முன்னால் கையிலிருந்த பச்சை வயர்கூடை தெரிந்தது. கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற கூடை.

வேலையிலிருந்து நேராக வந்துவிட்டாள் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் அம்மா வட்டத்தைச் சுற்றி வராமல், தீயை ஒட்டிக் குறுக்காகவே வரத் தொடங்கினாள். பக்கத்தில் அண்ணாச்சி மணல் நிரப்பி வரிசையாக வைத்திருந்த சிவப்பு வாளிகளில் ஒன்றைத் தூக்கி மணலை அப்படியே தீயில் கொட்டினேன். அடுத்த வாளி. அதற்கும் அடுத்தது. தீ புகைந்து செத்தது. மூன்றாவது வாளியில் பாதி முதலாளியின் வேட்டிக்குப் போனது.

செயலாளர் சார் வாயிலிருந்து நீளமாக விசில் மட்டும் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கேப்டன் அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "என்ன புள்ள, ஏன் இப்படிச் செஞ்ச?" என்றார்.

"எங்கம்மா இன்னும் குளிக்கல" என்றேன்.

அக்காவுக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்தது. "சார், விடுங்க. மருந்துக்குப் போற வீட்டுப் பிள்ளை. அது சரியாத்தான் செஞ்சிருக்கு" என்றார். முதலாளி வேட்டியை உதறிக்கொண்டு தள்ளிப்போய் நின்றார். அக்கா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். அத்தனை மாதம் ஸ்கார்ஃபை அவிழ்த்து அவிழ்த்து எதற்குக் காத்திருந்தேனோ அது கிடைத்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எப்போதோ ஒருமுறை கண்ணைத் திறந்தபோது, அம்மா பத்தடி தள்ளிக் கூடையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நாளைப் பற்றிச் சித்தி சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. "ஒங்கம்மா அன்னைக்கு போர்மேன்கிட்ட அம்புட்டுக் கெஞ்சி அரைநாள் லீவு வாங்குனா. கம்பெனித் தொட்டியிலயே ரெண்டு தரம் சீயக்காய் போட்டுக் குளிச்சா. என் நல்ல சேலையத்தான் வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனா" என்றாள். அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் நான் ஊருக்குப் போனால், வாசல்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாயா என்று கேட்பாள். கம்பெனிக்குப் போவதை நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது, ஆனாலும் கிட்டே வர இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவளைப் போய்க் கட்டிக்கொள்ளவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

முகாம் முடிந்த அன்றைக்கு டவுன் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்துவிட்டு அம்மா என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் பின்னல் என் கையில் பட்டுச் சில்லென்றிருந்தது. ஈரம். தலை ஏன் ஈரமாக இருக்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. கையை நகர்த்தி வைத்துக்கொண்டு, சிவகாசி வரும்வரை கேப்டன் அக்காவை நினைத்து அழுதுகொண்டே வந்தேன்.