அண்ணன் வாங்கிய இரண்டாம் ஜோடி ஊசி

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பதினோரு மணி வாக்கில், நகரியிலிருந்து கலா அண்ணி போன் செய்தார்கள். எடுத்ததும் நாலைந்து பெண்கள் சேர்ந்து அழும் சத்தம்தான் கேட்டது.  அண்ணி எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருப்பதியில் எங்கள் கல்லூரி அலுவலகத்தின் பதிவறையைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்ட அவர்களுடைய கணவர் தனசேகரன் அண்ணன் போய்விட்டார்.

எனக்கு அப்போது ஒன்பதாம் மாதம். நான் செருப்பைத் தேடுவதைப் பார்த்ததுமே என் மாமியார் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முன் எனக்கு இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. அதனால் வழக்கத்தை மீறும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. கத்தினேன், அழுதேன், ஆனால் போகவில்லை. என் கணவர் மட்டும் மாலையோடு போய்விட்டு வந்தார். வந்தவர் குளித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வந்தார். அண்ணனின் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை. அந்தக் குறையோடுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் நகரியில் ஒரு தறி வீட்டில் பிறந்தவர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு முதலில் சித்தூரிலும் பிறகு திருப்பதியிலும் குமாஸ்தா வேலை பார்த்தார். பனி கொட்டும் ஏதோ ஒரு மலைச் சாவடியில், கிழிந்த காலுறையைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதுதான் ஸ்வெட்டர் பின்னும் பழக்கம். ஊர் திரும்பிய பிறகும் அது அவரை விடவில்லை. "தறி கீற வூட்ல பொறந்துட்டு ரெண்டு குச்சிய ஆட்டிக்கினு கீறான் பாரு" என்று அவருடைய நைனா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு அண்ணன்தான் முதலில் சிரிப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம் அவரைப் பார்த்தேன். முறுக்கு மீசையும் ஆறடி உயரமுமாக ஒருவர், டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுப் பையிலிருந்து பச்சை நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார். அது சித்திரை மாதம். மின்விசிறிகூட அனல் காற்றைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்காது. இந்தத் திருப்பதி வெயிலில் யாருக்கு சார் ஸ்வெட்டர் என்று கேட்டேன். "ஏசி ரூம்ல பொறக்கற பசங்களுக்கும்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல். அன்றைக்கே அவர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார்.

அலுவலகத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அண்ணனிடமிருந்து ஒரு ஸ்வெட்டர் போய்விடும். கல்லூரி முதல்வருக்குப் பேரன் பிறந்தாலும் சரி, தோட்டக்காரருக்குப் பெண் பிறந்தாலும் சரி. ஆனால் பிறப்பதற்கு முன்னால் ஊசியைத் தொட மாட்டார். பிரசவச் செய்தி வந்ததும் நாங்கள் எல்லோரும் ஆணா பெண்ணா என்று கேட்போம். அவர் மட்டும் "கொழந்த அழுச்சா?" என்று கேட்பார். அழுதது என்று காதால் கேட்ட பிறகுதான் நூல் பை வெளியே வரும். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்காத ஊர் எங்களுடையது. அந்த வழக்கத்தைத்தான் அவரும் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

என்னை அவர் கேலி செய்ய ஒரு காரணம் நிரந்தரமாக இருந்தது. நான் ஒரு கோப்புக் கட்டை நாடாவால் கட்டினால் அதைப் பிறகு யாராலும் அவிழ்க்க முடியாது. கத்தரிக்கோலோடுதான் வர வேண்டும். அண்ணன் கட்டினால் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் போதும். "ரேவதி கட்ன கட்டு எமனே வந்தாலும் அவுறாது" என்று பதிவறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இரண்டாவது முறையும் குழந்தை தங்காமல் போய் நான் வேலைக்குத் திரும்பியபோது, ஒவ்வொருவரிடமும் எனக்கென்று ஒரு டாக்டர் இருந்தார், ஒரு கோயில் இருந்தது.  அண்ணன் மட்டும் பதிவறையில் தன் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு இனிமேல் அங்கே வரச் சொன்னார். அலமாரிகளுக்கு நடுவே இருந்த அந்த இடத்துக்கு யாரும் யோசனை சொல்ல வர மாட்டார்கள். ஒரு மாதம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதி நாள் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் பார்க்காதது மாதிரி பின்னிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் பொங்கல் கழிந்து அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றியதில் தலைமுடி, மீசை எல்லாம் போயிற்று. ஆனால் திருப்பதியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆட்டோக்காரர், பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர் என்று எல்லோரும் தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று தெலுங்கில் விசாரிப்பார்கள். திவ்வியமாக ஆயிற்று என்று இவரும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு வருவார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் சண்டைக்குப் போனேன்.

"ஊர்ல பாதிப் பேரு மொட்ட. இதுல என்னை மட்டும் எவன் பாவம்னு பாக்கப் போறான்? இந்த ஊர்ல இந்த நோவு வந்துது என் அதிர்ஷ்டம்மா" என்றார். 

ஆவணி மாதம் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் நூல் கண்காட்சி போட்டிருந்தார்கள். அண்ணன் ஆறு மாதமாக ஊசியைத் தொடாமல் இருந்தார். மருந்தின் வேகத்தில் அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. கையில் இரும்பு ஊசி இருப்பதே தெரியாது, நழுவிக் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரியும். மூங்கில் ஊசி நழுவாது, அது கிடைக்குமா பார்க்க வேண்டும், துணைக்கு வா என்றார். எனக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம்.

உள்ளே நுழைந்ததும் அவர் நோயாளி மாதிரியே இல்லை. கடை கடையாக நின்றார். வடக்கே மலைப்பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியிடம் பட்டாளத்து இந்தியில் பேசிச் சிரிக்க வைத்தார். மூங்கில் ஊசிகளின் கூர்மையை விரலால் அறிய முடியாததால் உதட்டில் வைத்துப் பார்த்தார். நூலின் மென்மையை எப்படிப் பார்த்தார் தெரியுமா? உருண்டையை எடுத்துத் தன் மொட்டை மண்டையில் தேய்த்தார். அந்தப் பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தார். "முடி கொட்னதுல இது ஒரு லாபம். கொழந்த தோலும் இதுவும் ஒண்ணு" என்றார் என்னிடம்.

மெல்லிய ஊசி ஒரு ஜோடி எடுத்தார். பிறகு சுண்டுவிரல் தடிமனில் இன்னொரு ஜோடி எடுத்தார். அவர் பின்னுகிற சின்ன ஸ்வெட்டருக்கு இவ்வளவு தடித்த ஊசி எதற்கு என்று கேட்டேன். வேணும் என்றார். அதோடு விட்டுவிட்டேன், ஏனென்றால் அதற்குள் அவர் இளமஞ்சள் பருத்தி நூல் உருண்டைகளைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். அலுவலகத்தில் அப்போது யாருக்கும் குழந்தை பிறந்திருக்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன். அவர் குனிந்து இன்னும் இரண்டு உருண்டை எடுத்தார். என் வயிற்றைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை வருஷம் அத்தனை பேர் பிள்ளைக்கும் காத்திருந்தீர்களே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அவசரம், என்னை மூன்றாவது முறையும் அழ வைக்கவா என்று கடைக்காரப் பெண்மணி முன்னாலேயே கேட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவருக்கு இருந்த அவசரம் என் மண்டைக்கு எட்டவில்லை.

மண்டபத்து வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் வந்து உட்கார்ந்தார். பையைத் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அப்போதுதான் சித்தூர் கதையைச் சொன்னார். பழகிய இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடச் சொல்லாத கதை. பட்டாளத்திலிருந்து வந்த புதிதில், சித்தூரில் குடியிருந்தபோது, கலா அண்ணி உண்டாகியிருந்தார்கள்.

"ஒம்பதாம் மாசமே பின்னி முடிச்சிட்டேன். பொத்தான்கூட வெச்சிட்டேன். கொழந்த அழவே இல்லமா" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே அந்த ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டாராம். முழுசாகப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கார்த்திகை, மார்கழிக்கெல்லாம் நான் இருக்க மாட்டேன். டாக்டர் சொல்லல, எனக்கே தெரியுது. உன் கொழந்தைக்கு மட்டும் பின்னாம பூட்டேன்னா எனக்கு மனசு ஆறாது. அதனால முடிக்க மாட்டேன். கடைசி வரிசைய மூடாம ஊசிலயே வுட்டுடுவேன். ஊசிய உருவுனா நூலு நூலா பூடும், அத யாரு துணின்னு சொல்லப் போறாங்க? கொழந்த அழுதப்பறம் நீ மூடு."

சரி என்று நான் சொல்லவில்லை. எழுந்து போய் ஆட்டோவைக் கூப்பிட்டேன். பயம் ஒரு பக்கம், அவர் சாகப்போவதை அவர் வாயாலேயே கேட்ட கோபம் ஒரு பக்கம். ஒரு வாரம் பதிவறைப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் மதியம் டிபன் டப்பாவோடு போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எப்படி மூடுவது என்று சொல்லிக்கொடுங்கள் என்றேன். அவர் மீதமிருந்த பழைய நூலில் பின்னிய ஒரு துண்டை என் கையில் கொடுத்தார்.

கேட்டால் சின்ன வேலைதான். ஊசியில் வளையம் வளையமாக இருக்கும் கண்ணிகளில் இரண்டைப் பின்ன வேண்டும். முதலாவதைத் தூக்கி இரண்டாவதைத் தாண்டி விட்டுவிட வேண்டும். இன்னொன்று பின்ன வேண்டும், மறுபடியும் தாண்ட வேண்டும். நான் மூடிய ஓரம் சுருக்குப்பை வாய் மாதிரி சுருங்கிக்கொண்டது. அப்படி இருந்தால் குழந்தையின் கழுத்தைப் பிடிக்கும். பத்து நாள் முயன்றும் என் கை தளரவில்லை. அண்ணன் திட்டவில்லை. "பரவால்ல, வுடு" என்றார். எனக்கென்னவோ அவர் கைவிட்டுவிட்டார் என்றுதான் தோன்றியது.

தீபாவளிக்கு முன்னாலேயே அவர் வருவது நின்றுவிட்டது. நகரிக்கே போய்விட்டார்கள். அதன் பிறகு நேரில் பார்க்க முடியாமல் போனில்தான் பேசினோம். கடைசியாகப் பேசிய அன்று குரல் மிகவும் மெலிந்திருந்தது. வேளைக்குத் துன்னு, மழையில் படி இறங்காதே என்றெல்லாம் சொல்லிவிட்டு, "பதிவறையில பெண்டிங் ஃபைலுங்க கீற அலமாரில, மேல் தட்டுல ஒரு அட்டைப்பெட்டி கீது. இப்போ எடுக்காத" என்றார். சரி அண்ணா என்றேன். வேறு என்னென்னவோ சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் பேசியதற்கு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அவர் போன பதினோராம் நாள் எனக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அறை முழுக்க ஒரு அழுகை. "கொழந்த அழுச்சா?" என்று கேட்க ஆள் இல்லையே என்று நானும் கூடச் சேர்ந்து அழுதேன். வலியால் அழுகிறேன் என்று நர்ஸ் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் என் மாமியார் முகம் மாறிற்று. சாவு வீட்டிலிருந்து பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்தப் பொருளும் வரக் கூடாது. இது எங்கிருந்தது என்று கேட்டார்கள். அலுவலகத்தில், தீபாவளிக்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருந்தது என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. நகரிக்கு எடுத்துப் போகாமல், கலா அண்ணியிடமும் கொடுக்காமல், ஏன் பதிவறையில் வைத்தார் என்று. மாமியார் பெட்டியை வாங்கி என் மடியில் வைத்தார்கள். "அந்த மனுஷன் எல்லாத்தையும் யோசிச்சிக் கீறாரு. பிரி" என்றார்கள்.

பெட்டி கோப்பு நாடாவால் கட்டியிருந்தது. நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன், அவிழ்ந்தது.

உள்ளே இளமஞ்சள் ஸ்வெட்டர். கைகள், முன்பக்கம், பொத்தான் துளைகள் எல்லாம் முடிந்து, கழுத்து மட்டும் மூடாமல் மெல்லிய மூங்கில் ஊசியில் வரிசையாகக் கண்ணிகள். மரத்துப்போன விரல்களால் பின்னியது. அங்கங்கே கண்ணி பெரிதும் சிறிதுமாக இருந்தது. அதன் கீழே தடித்த ஊசி ஜோடி. அதில் ஒரு துண்டுக் காகிதம் சுற்றியிருந்தது, அவருடைய பதிவறைக் கையெழுத்தில். "கடைசி வரிசையை இந்த ஊசியில் போடு. உன் கை இறுக்கம்."

தடித்த ஊசியில் போட்டால் கண்ணி தானே பெரிதாக விழும், எவ்வளவு இறுக்கமான கையாக இருந்தாலும் ஓரம் தளர்வாகத்தான் வரும். இதைப் பத்து நாள் பயிற்சியில் அவர் சொல்லவில்லை. நான் மூடுகிறேன் என்று ஒப்புக்கொள்வதற்கு முன்பே, ஒப்புக்கொள்வேனா என்று தெரியாதபோதே, அந்தக் கண்காட்சியில் என் கைக்கென்று ஊசி பார்த்து வாங்கிவிட்டார். அந்த ஊசியைக் கையில் வைத்திருந்த மனிதரிடம்தான் நான் அப்படிக் கத்தினேன்.

மூட ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு கண்ணியைத் தவறவிட்டு மறுபடி பிடித்தேன். கண்ணீரில் நூல் தெரியவில்லை. கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து வெட்டிவிட்டுக் குழந்தைக்குப் போட்டுவிட்டேன். அவள் தலையைத் திருப்பிக் கொட்டாவி விட்டாள். கழுத்தைச் சுற்றி என் இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று.

இறுக்கமாக இல்லை அண்ணா. போய் வாருங்கள்.